கிரிக்கெட் மைதானத்தில் பேஸ்பால் களம் போடுவது எப்படி? (சாட்ஸ்வர்த், டர்பன்)

கடற்காற்று:

வணக்கம். சாட்ஸ்வர்த் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளி மைதானம், சனிக்கிழமை பிற்பகல் 2 முதல் 5 வரை கிடைக்கிறது. 10 முதல் 12 வயது வரை 22 பிள்ளைகள். எல்லாரும் கிரிக்கெட் பிள்ளைகள், பேஸ்பால் கையால் தொட்டதில்லை. நடுவில் சிமெண்ட் ஆடுகளம் இருக்கிறது, அதை ஒன்றும் செய்யக் கூடாது. மண் கொட்டி மேடு போடவும் அனுமதி இல்லை. சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொள்ளலாம்.

கேட்க வேண்டியது இதுதான். களத்தை எப்படி அளந்து போடுவது? இருக்கிற கிரிக்கெட் சாமானில் எது உதவும், எது உதவாது? கடைசியாக, "இது அமெரிக்கக்காரன் ஆட்டம், நம்ம ஊருக்கும் இதுக்கும் என்ன?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் இந்த ஆட்டத்துக்கு ஒரு கதை உண்டா?

உம்லாஸ்கரை:

பெரியவர்களின் 90 அடிக் களம் இந்த வயசுக்கு வேண்டாம் தம்பி. லிட்டில் லீக் (சிறுவர் பேஸ்பால்) அளவை எடுங்கள்: களம் ஒரு சதுரம், ஓடித் தொடுகிற பேஸ் மூலைக்கு ஒன்று, பேஸுக்குப் பேஸ் 60 அடி, அதாவது 18.29 மீட்டர். பேட்டர் நிற்கும் மூலையான ஹோம் பிளேட்டிலிருந்து, பந்து எறிகிற பிட்சரின் பலகை 46 அடி, 14.02 மீட்டர். வெளி எல்லை 61 மீட்டர் இருந்தால் போதும்.

ஹோம் பிளேட்டை மைதானத்தின் மூலையில் வையுங்கள். சிமெண்ட் ஆடுகளம் அவுட்ஃபீல்டில் போய் விழட்டும். அதன்மேல் பட்ட பந்து எங்கே துள்ளும் என்று யாருக்கும் தெரியாது, அதனால் "சிமெண்டில் பட்டால் எல்லாருக்கும் இரண்டு பேஸ்" என்று ஆட்டத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். உள்ளூர் விதி வைத்துக்கொள்ள பேஸ்பாலில் இடம் உண்டு. ஆட்டம் தொடங்கிய பிறகு வைத்தால்தான் சண்டை.

இனி அளப்பது. நைலான் கயிறு இழுத்தால் நீளும், 25 மீட்டரில் ஒரு சாண் பிசகும். துணி டேப்போ இரும்பு டேப்போ இரண்டு வேண்டும். ஹோம் பிளேட்டின் பின்பக்கக் கூர்முனை வரும் இடத்தில் ஓர் ஆணி. அங்கிருந்து இரண்டாம் பேஸ் பக்கமாக நேர்கோட்டில் 25.86 மீட்டர் போய் இன்னொரு ஆணி. அதே கோட்டில் 14.02 மீட்டரில் பிட்சர் பலகையின் முன்விளிம்பு. பிறகு ஒரு டேப்பை ஹோமிலும் மற்றதை இரண்டாம் பேஸ் ஆணியிலும் மாட்டி, இரண்டையும் 18.29 மீட்டருக்கு இழுத்து வலப்பக்கம் சேருங்கள். சேரும் புள்ளி முதல் பேஸ். இடப்பக்கம் சேர்த்தால் மூன்றாம் பேஸ். மூலைமட்டம் தேவையே இல்லை.

மூன்று தவறு எல்லாரும் செய்கிறார்கள். பிட்சர் தூரத்தைப் பிளேட்டின் முன்விளிம்பிலிருந்து அளந்துவிடுவார்கள். பிளேட் 43 சென்டிமீட்டர் ஆழம், அவ்வளவும் பிட்சர் தலையில் கூடும். அடுத்தது, முதல் பேஸையும் மூன்றாம் பேஸையும் கோட்டுக்கு வெளியே வைப்பது. அந்த இரண்டு பைகளும் முழுக்கக் கோட்டுக்கு உள்ளேதான் உட்கார வேண்டும். இரண்டாம் பேஸ் மட்டும் ஆணியின் மேலேயே நடுவாக இருக்கும். மூன்றாவது, பிட்சர் பலகையைச் சதுரத்தின் நட்டநடுவில் வைப்பது. பிள்ளைகள் களத்தில் நடுப்புள்ளி 12.93 மீட்டரில் வரும், பலகை அதற்கும் ஒரு மீட்டருக்குச் சற்று மேல் பின்னால். பெரியவர்கள் களத்தில் இது தலைகீழ்: நடுப்புள்ளி 19.40, பலகை 18.44, அதாவது நடுவுக்கு முன்னால். படத்தைப் பார்த்துக் கண்ணளவில் போடுகிறவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

சுண்ணாம்பு விஷயத்தில் எச்சரிக்கை. வெற்றிலையில் கொஞ்சம் கூடிப்போனால் நாக்கு வெந்துபோகிறதே, அந்த நீர்த்த சுண்ணாம்பைக் கோட்டுக்குப் போடவே கூடாது. பிள்ளைகள் சறுக்கி விழுந்து எழும்போது தோலிலும் கண்ணிலும் படும். மைதானக் கோட்டுக்கென்று விற்கும் வெள்ளைச் சுண்ணக்கல் தூளோ பெயிண்டோ வாங்குங்கள்.

திசையைப் பொறுத்தவரை விதிப்புத்தகம் தெளிவாகவே சொல்கிறது. ஹோமிலிருந்து பிட்சர் பலகை வழியாக இரண்டாம் பேஸுக்குப் போகும் கோடு கிழக்கு-வடகிழக்கு நோக்கி இருப்பது நல்லது.

ஆறாம்நம்பர்:

அண்ணே, அளவு அத்தனையும் சரி. திசை மட்டும் டர்பனுக்கு ஒத்துவராது. விதிப்புத்தகம் எழுதியவர்கள் வட அரைக்கோளத்துக்காரர்கள். அங்கே பிற்பகல் சூரியன் தென்மேற்கில் சாயும், நமக்கு வடமேற்கில். ஆகவே கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பி, கிழக்கு-தென்கிழக்கு என்று வைக்க வேண்டும்.

ஜூன் மாதம் மூன்று மணிக்கு டர்பனில் சூரியன் கிட்டத்தட்ட நேர் வடமேற்கில், தொடுவானத்திலிருந்து சுமார் 20 டிகிரி உயரத்தில் நிற்கும். அந்த நேரத்தில் களம் கிழக்கு-வடகிழக்கு பார்த்திருந்தால், முதல் பேஸ்காரர் மூன்றாம் பேஸ் பக்கம் பார்க்கும்போது கண் முன்னால் சூரியன். இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப்பும் மூன்றாம் பேஸ்காரரும் எறிகிற ஒவ்வொரு பந்தும் வெயிலுக்குள்ளிருந்து அவர் முகத்துக்கு வரும். 11 வயசுப் பிள்ளைக்குப் பல் போகிற வேலை.

கிழக்கு-தென்கிழக்காக வைத்தால் பேட்டருக்கும் அவர் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சருக்கும் வெயில் முதுகுப்பக்கம், பந்து நன்றாகத் தெரியும். கஷ்டம் அவுட்ஃபீல்டுக்குப் போய்விடும். குளிர்காலத்தில் ரைட் ஃபீல்டருக்கு, டிசம்பர் மூன்று மணிக்குச் சூரியன் மேற்கே நிற்பதால் லெஃப்ட் ஃபீல்டருக்கு. அங்கே நிற்பவருக்கு விளிம்பு வைத்த தொப்பி கட்டாயம். கையுறையைச் சூரியனுக்கு நேரே பிடித்து, அதன் ஓரமாகப் பந்தைப் பார்க்கப் பழக்குங்கள். ஜூனில் ஐந்தேகாலுக்குள் பொழுது சாய்ந்துவிடும், நாலரைக்கே முடித்துக்கொள்வது நல்லது.

உம்லாஸ்கரை:

ஒத்துக்கொள்கிறேன். புத்தகத்தைப் படித்தேன், தலைக்குமேல் பார்க்கவில்லை.

ஆணியைப் பற்றி ஒன்று விட்டுப்போனது. வாராவாரம் அளக்காமல் இருக்க, ஐந்து புள்ளியிலும் நீள ஆணியில் ஒரு நிறத்துணிக் கிழிசலைக் கட்டி, தலை புல்லுக்குக் கீழே இறங்கும்வரை அடித்துவிடுங்கள். தலை நீட்டிக்கொண்டிருந்தால் புல்வெட்டி உடையும், இல்லாவிட்டால் முழங்கால் கிழியும்.

மைதானத்தில் கிகூயூ புல்லா? அப்படியானால் உள்களத்தை ஒட்ட வெட்டச் சொல்லுங்கள். கிகூயூவின் ஓடுகொடி மெத்தைமாதிரி. தரைப்பந்து பாதி வழியில் செத்துவிடும், முதல் பேஸுக்கு ஓடுகிறவர் எல்லாரும் பிழைத்துவிடுவார்கள்.

பம்பரக்கயிறு:

சாமான் பற்றி நான் சொல்கிறேன்.

கிரிக்கெட் பந்து வேண்டவே வேண்டாம். பெரியவர்களின் கிரிக்கெட் பந்து 156 முதல் 163 கிராம், பேஸ்பால் 142 முதல் 149 கிராம். கிரிக்கெட் பந்து எடை கூடியது, கெட்டி, மேலே அரக்குப் பூச்சு. அலுமினிய மட்டையில் பட்டால் மட்டை நசுங்கும், மார்பில் பட்டால் பிள்ளை நசுங்கும். முதல் மாதத்துக்கு உள்ளே மெத்தென்ற பயிற்சிப் பேஸ்பால் வாங்குங்கள். லெவல் 1 என்று போட்டிருப்பது மிக மெது, லெவல் 5 கொஞ்சம் கெட்டி. அதுவும் கிடைக்காவிட்டால் டென்னிஸ் பந்து.

கிரிக்கெட் ஹெல்மெட்டும் வேண்டாம், பேஸ்பால் ஹெல்மெட் இரண்டு காதையும் மூடும். கேட்சருக்கு விக்கெட் கீப்பர் பேடு சமாளிக்கும் என்று நினைப்பார்கள், ஆகாது. கீப்பர் குந்தினாலும் பந்து வரும்போது எழுந்துவிடுவார், கேட்சர் குந்தியே இருப்பார். முழங்கால் மடங்காது, தொண்டைக்கும் மார்புக்கும் பாதுகாப்பு இல்லை. கேட்சர் செட் ஒன்றை மட்டும் காசு போட்டு வாங்குங்கள். அடிவயிற்றுக் கவசம் கிரிக்கெட்டுடையதே போதும். பயிற்சி வலையும் உதவும்: ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் 7.6 மீட்டரில் கட்டுங்கள். ஆனால் உயரமாகக் கட்டுங்கள், பேஸ்பாலில் பின்பக்கம் போகும் பந்து மேலே போகும்.

கையுறை 11 முதல் 11½ அங்குலம். வலக்கையால் எறிகிறவருக்கு இடக்கையில் மாட்டுவது. இதைக் கேட்காமல் ஆர்டர் போட்டுப் பாதி கையுறை திரும்பிப் போவது வழக்கம். புதுக் கையுறையை ஓவனில் வைப்பது, தண்ணீரில் ஊறப்போடுவது எல்லாம் தோலைக் கெடுக்கும். தோல் தைலம் விரல்நுனி அளவு, நடுவில் ஒரு பந்து, மேலே ரப்பர் பட்டை, தினமும் ஐம்பது கேட்ச். டர்பன் ஈரத்துக்குப் பைக்குள் மூடி வைத்தால் ஒரு வாரத்தில் பச்சைப் பூஞ்சை. காற்றாட மாட்டிவையுங்கள்.

மட்டை 28 முதல் 31 அங்குலம். "டிராப் 10" என்றால் அங்குலத்தில் நீளத்துக்கும் அவுன்ஸில் எடைக்கும் வித்தியாசம் 10: 30 அங்குல மட்டை, 20 அவுன்ஸ். கையை நேரே நீட்டி 15 நொடி தாங்க முடியாவிட்டால் அந்த மட்டை கனம்.

சாமானை விடக் கஷ்டம் பழக்கம். கிரிக்கெட் பிள்ளை பந்தைத் தட்டிவிட்டுச் சும்மா நிற்கும். ஏனென்றால் ஓடுவது அதன் இஷ்டம். இங்கே பந்து கோட்டுக்குள் விழுந்தால் ஓடியே ஆக வேண்டும். ஓடினாலும் மட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும், முதல் பேஸ் வந்ததும் குனிந்து மட்டை நுனியைப் பைமேல் வைக்கும். கிரீஸுக்குள் வந்துவிட்டதாக நினைப்பு! திட்டாதீர்கள். அடித்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு வளையம் வரைந்து, மட்டையை அதற்குள் போட்டுவிட்டு ஓடினால்தான் கணக்கு என்று வையுங்கள். இரண்டு வாரத்தில் சரியாகும். முதல் பேஸை மிதித்துவிட்டு நிற்காமல் தாண்டி ஓடலாம் என்பதை முதல் நாளே சொல்லுங்கள். இரண்டிலும் மூன்றிலும் அது நடக்காது, பையை விட்டுக் கால் எடுத்தால் தொட்டு அவுட் ஆக்குவார்கள்.

லேட் கட், கிளான்ஸ் எல்லாம் இங்கே ஃபவுல், அதாவது கோட்டுக்கு வெளியே போன பந்து. அழகாக ஆடிவிட்டு ரன் இல்லையா என்று முகம் வாடும்.

கேட்ச் பிடிப்பதில் கிரிக்கெட் பிள்ளை கெட்டி. பந்தோடு கையைப் பின்னிழுக்கும் பழக்கம் இருக்கிறதே, அது தங்கம். கையுறைக்குள் உள்ளங்கையில் வாங்காமல் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவே உள்ள வலையில் வாங்கக் கற்றுக்கொடுத்தால் முடிந்தது. 1992 உலகக் கோப்பையில் இன்சமாமை ரன் அவுட் ஆக்க ஸ்டம்ப்மேல் பாய்ந்தாரே ஜான்டி ரோட்ஸ், நம்ம பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆள், அதே வேகம் இங்கே டேக் போட (ஓடுகிறவரைப் பந்தால் தொட்டு அவுட் ஆக்க) வேண்டும். எதிர்ப்பக்கமாகவும் போக்குவரத்து உண்டு: ஆஸ்திரேலியக் கிரிக்கெட் அணிக்கு ஃபீல்டிங் சொல்லிக்கொடுத்த மைக் யங் அமெரிக்காவிலிருந்து வந்த பேஸ்பால் பயிற்சியாளர்.

பிட்சர் தோளைக் காப்பாற்றுங்கள். லிட்டில் லீக் வரம்பு ஒரு நாளைக்கு 9–10 வயதில் 75 பந்து, 11–12 வயதில் 85. அதே நாளில் 21 முதல் 35 எறிந்தால் ஒரு நாள் ஓய்வு, 36 முதல் 50 என்றால் இரண்டு, 51 முதல் 65 மூன்று, 66க்கு மேல் நான்கு. ஆட்டக் கணக்கை ஒருவர், பந்துக் கணக்கை வேறொருவர் எழுத வேண்டும். ஒரே ஆள் இரண்டையும் எழுதினால் பந்துக் கணக்குதான் விட்டுப்போகும். வளைபந்து இந்த வயசில் கூடாது.

சொல் பற்றி ஒரு சின்ன விஷயம். நம் பிள்ளைக்கு "பிட்ச்" என்றால் தரை, இங்கே "பிட்ச்" என்றால் எறிகிற பந்து. "பிட்ச் நல்லா இருக்கு" என்றால் கீழே குனிந்து பார்ப்பார்கள்.

ஆறாம்நம்பர்:

வரலாற்றுக் கேள்விக்கு வருகிறேன்.

பெற்றோர் சொல்வது பாதி சரி. 1890களில் விட்வாட்டர்ஸ்ராண்ட் தங்கச் சுரங்கங்களுக்கு வந்த அமெரிக்கர்கள்தான் இந்த ஆட்டத்தை இங்கே கொண்டுவந்தார்கள். அதனால் வேர் ஜோகன்னஸ்பர்க் பக்கம். அந்தக் கணக்கில் 1860இல் ட்ரூரோ கப்பலில் வந்து இறங்கிய நம் முன்னோர் பேஸ்பாலுக்கு முப்பது வருஷம் மூத்தவர்கள், அதைப் பெற்றோரிடம் சொல்லுங்கள். சிகாகோ பேஸ்பால் அணியை நடத்திய ஸ்பால்டிங் 1888–89இல் இரண்டு அணிகளைக் கூட்டிக்கொண்டு உலகம் சுற்றினார். கொழும்பில் ஆடினார்கள், எகிப்தில் பிரமிடு அடியில் ஆடினார்கள், தென்னாப்பிரிக்காவுக்கு வரவில்லை.

பிறகு இனப்பிரிவினை. 1950இன் குழுப்பகுதிச் சட்டம் யார் எங்கே குடியிருக்கலாம் என்று கோடு கிழித்தது. சாட்ஸ்வர்த் இந்தியருக்கென்று எழுந்ததே அந்தக் கோட்டால்தான். மைதானமும் அப்படித்தான் பிரிந்தது. நம் ஆட்களுக்குக் கர்ரீஸ் ஃபவுண்டன் மைதானம் இருந்தது, அங்கே கால்பந்து ஓடியது. பேஸ்பாலுக்கு அகலமான இடம், தனிச் சாமான், எல்லாம் வேண்டும். இடமே பங்கிட்டுக் கொடுக்கப்பட்ட ஊரில் புது ஆட்டம் எப்படி முளைக்கும்? "அது நம்ம ஆட்டம் இல்லை" என்பதில் ருசியை விட இந்தக் கோட்டுக்குத்தான் பங்கு அதிகம் என்பது என் எண்ணம். 1970இல் ஒலிம்பிக் அமைப்பு தென்னாப்பிரிக்காவை வெளியே தள்ளியது. திரும்பச் சேர்ந்தது 1992 பார்சிலோனா. பேஸ்பால் முதன்முதலாகப் பதக்க ஆட்டமான ஒலிம்பிக்கும் அதுவே.

2000 சிட்னியில் நம் அணி ஏழு ஆட்டத்தில் ஆறு தோற்றது. வென்ற ஒன்று நெதர்லாந்தை, 10 இன்னிங்ஸில் (வழக்கமாக ஒன்பதுதான்) 3–2. அதே நெதர்லாந்து அதே போட்டியில் கியூபாவையே 4–2 என்று சாய்த்த அணி. ஒலிம்பிக்கில் கியூபாவுக்கு அதுவரை தோல்வியே கிடையாது.

2006இல் முதல் உலக பேஸ்பால் கிளாசிக், அரிசோனாவில். கனடாவுக்கு எதிராக ஒன்பதாவது இன்னிங்ஸ் தொடங்கும்போது நாம் 8–7 முன்னிலை. அந்த இன்னிங்ஸில் நாலு ரன் கொடுத்து 11–8 என்று தோற்றோம். மூன்று நாள் கழித்து அமெரிக்கா 17–0. ரோஜர் கிளெமென்ஸ் எறிந்தார், கென் கிரிஃபி ஜூனியர் இரண்டு ஹோம் ரன். 15 ரன் வித்தியாச விதிப்படி ஐந்து இன்னிங்ஸோடு நிறுத்தினார்கள். பிள்ளைகளுக்கு 17–0ஐ மறைக்காதீர்கள், கனடா ஆட்டத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒன்பதாவது இன்னிங்ஸுக்குப் பிட்சர் மிச்சம் வைப்பது ஏன் என்று புரியும்.

கிஃப்ட் கோப்பே கதையைக் கட்டாயம் சொல்லுங்கள். போலோக்வானேயில் பிறந்தவர். ராண்ட்பர்க் மெட்ஸ் பேஸ்பால் கிளப்பில் அம்மாவுக்கு வேலை, அந்தக் கிளப் கட்டடத்திலேயே ஓர் அறையில் வளர்ந்தார். 2008இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியோடு ஒப்பந்தம். கீழ்மட்ட அணிகளில் ஒன்பது வருஷம் காத்திருந்து 2017 ஏப்ரல் 26 அன்று அமெரிக்காவின் உச்ச மட்டமான மேஜர் லீக்கில் இறங்கி, முதல் முறை மட்டை பிடித்தபோதே ஜான் லெஸ்டர் பந்தில் சிங்கிள். எனக்கு ஒரு தனிப் பெருமை: அவரும் ஷார்ட்ஸ்டாப், பேஸ்பாலில் அந்த இடத்தின் எண் ஆறு, என் பெயரே அதுதான்!

ஹைவெல்ட்வாசி:

ஒரு சின்ன எச்சரிக்கை. கோப்பேயை மேஜர் லீக்கில் ஆடிய "முதல் ஆப்பிரிக்கர்" என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள், புள்ளிவிவரம் தெரிந்த பிள்ளைகள் மடக்குவார்கள். கேனரித் தீவில் பிறந்த ஆல் கப்ரேரா 1913இல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸுக்கு ஒரே ஓர் ஆட்டம் ஆடியிருக்கிறார். தீவு ஸ்பெயினுடையது, நிலம் ஆப்பிரிக்கா ஓரம். "ஆப்பிரிக்கக் கண்டத்து மண்ணில் பிறந்தவர்களில் முதல்வர்" என்றால் வாதம் இல்லை. பிட்சர்களில் முதல்வர் ஜோகன்னஸ்பர்க்கின் டெய்லர் ஸ்காட், 2019, சியாட்டில்.

கடற்காற்று:

எல்லாருக்கும் நன்றி. திசையை இன்றைக்கே மாற்றிக் குறித்துவிட்டேன். இன்னொன்று: ஜோகன்னஸ்பர்க்கில் பந்து கூடுதல் தூரம் போகும் என்கிறார்களே, உண்மையா, பேச்சா?

ஹைவெல்ட்வாசி:

உண்மை. ஜோகன்னஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர். ஹோம் ரன்னுக்குப் பேர்போன டென்வரின் கூர்ஸ் ஃபீல்டே 1,580 மீட்டர்தான். காற்று மெலிந்திருப்பதால் உயர அடித்த பந்து டர்பனை விடச் சுமார் 5 சதவீதம் கூடுதலாகப் போகும். 60 மீட்டர் எல்லையில் அது 3 மீட்டர். அவுட்ஃபீல்டர்களை மூன்று நாலு எட்டுப் பின்னால் நிறுத்துங்கள்.

அதே காரணத்தால் வளைபந்து குறைவாகத்தான் வளையும். தையல் காற்றைப் பிடித்துத்தான் பந்தைத் திருப்புகிறது, பிடிக்கக் காற்று குறைவு. டர்பனில் முழங்காலுக்கு இறங்கும் பந்து ஜோகன்னஸ்பர்க்கில் அவ்வளவு இறங்காது, பேட்டருக்கு விருந்து. பெரிய பையன்கள் வந்தால் வளைவை நம்பாமல் வேகத்தைக் கூட்டிக் குறைத்து எறியட்டும்.

பந்தின் ஈரமும் கணக்கு. குளிர்காலத்தில் இங்கே காற்று காய்ந்து கிடக்கும். காய்ந்த பந்து லேசாகி அதிகம் துள்ளும். டென்வரில் 2002இலிருந்து பந்தை ஈரப்பதம் வைத்த அறையில் வைக்கிறார்கள், 2022இலிருந்து 30 மேஜர் லீக் மைதானத்திலும் அதுவே விதி. நீங்கள் வந்தால் டர்பன் பந்தை மூடிய டப்பாவில் கொண்டுவாருங்கள். நாள்கணக்கில் வெளியே கிடந்தால் அதுவும் ஜோகன்னஸ்பர்க் பந்தாகிவிடும்.

பம்பரக்கயிறு:

பிள்ளைகள் ஆட்டம் பார்க்க: நியூயார்க் நேரத்தை விட நாம் அவர்களுடைய கோடையில் 6 மணி முன்னால். அங்கே இரவு 7 மணி என்றால் நமக்கு நடுநிசி தாண்டி 1. ஞாயிறு பகல் 1.35 ஆட்டம் நமக்கு மாலை 7.35. ஒன்பது இன்னிங்ஸும் காட்ட வேண்டாம், தூங்கிவிடுவார்கள். மூன்று இன்னிங்ஸ் போதும், பந்தைப் பார்க்காமல் முதல் பேஸ்காரரின் காலை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.